புலியின் கழுத்துப்பட்டை

நெடுங்கயத்து ஆற்றங்கரையில் உறுமாண்டி என்றொரு புலி தூக்கத்துக்கு ஏங்கி அழுதது.

சாலையே இல்லாத காடு அது. கடைசி ஊரிலிருந்து இரண்டு நாள் நடந்தால்தான் ஆறு கண்ணில் படும். அங்கே புலிகளுக்கென்று ஒரு காப்பகம். கரையில் முகாம் போட்டிருந்த காப்பகத்து ஆட்கள் தங்கமானவர்கள், தொல்லையே அதுதான். உறுமாண்டியின் கழுத்தில் ஒரு சிக்னல் பட்டையை மாட்டியிருந்தார்கள். அந்தக் கழுத்து அரை நாள் அசையாமல் கிடந்தால், புலி செத்தது என்று பட்டை முகாமுக்குச் சேதி அனுப்பிவிடும்.

உறுமாண்டியோ ஒரு கடமானைத் தின்றால் ஒரு நாள் முழுக்கத் தூங்குகிற பரம்பரை. நன்றாகத் தூங்கிக் கிடக்கையில் நாலு காவலர்களும் ஒரு டாக்டரும் அலறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். டாக்டர் நீளக் கம்பால் விலாவில் குத்திப் பார்ப்பார். உயிர் இருப்பது தெரிந்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

கடைசியில் அது அத்திமரத்துக் குரங்கு தொங்கனிடம் போய் முறையிட்டது. விரல் உள்ளவனுக்குத் திருகாணி எம்மாத்திரம்? பட்டையைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொள்ளத் தொங்கன் சம்மதித்தது. அது ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. பட்டைக்குச் சந்தேகமே வராது.

"மாட்டிக்கிடுதேன் அண்ணாச்சி. ஆனா திருப்பிக் கேக்கக் கூடாது."

"எனக்கு எதுக்குல அது? நான் புலின்னு எனக்குத் தெரியாதா?"

உறுமாண்டி மூன்று நாள் தூங்கியது. அப்படி ஒரு சுகத்தை அது கண்டதே இல்லை.

முகாமிலோ ஒரே பரபரப்பு. புலி மரத்துக்கு மரம் தாவுகிறது என்றது பட்டை இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி. அத்தி பழுத்த மரமாகப் பார்த்துத் தங்குகிறது என்றது. கருவி பொய் சொல்லுமா? புலி சைவத்துக்கு மாறிவிட்டதென்று முடிவு கட்டி, மரத்தடியில் தினமும் ஒரு தார் வாழைப்பழம் வைத்தார்கள்.

நாலாம் நாள் மத்தியானம் உறுமாண்டி தண்ணீர் குடிக்க ஆற்றுக்கு வந்தது. எதிரே காவலர்கள். தலைமைக் காவலர் மாடக்கண்ணு புலியைப் பார்த்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். கருவியைத்தான் நம்பினார்.

"நம்ம புலி அத்திமரத்துல இருக்குடே. இது புலியைப் பாத்துச் சூடு போட்டுக்கிட்ட பூனை. புலிக் காப்பகத்துல பூனைக்கு என்ன சோலி? விரட்டுங்க!"

தகரத்தைத் தட்டி, பட்டாசு கொளுத்திப் போட்டு, பிறந்து வளர்ந்த கரையிலிருந்தே அதை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள்.

மறுநாள் உறுமாண்டி நனைந்த மீசையோடு ஒளிந்து ஒளிந்து அத்திமரத்தடிக்கு வந்தது. கொடுத்த வாக்கை மறந்து, பட்டையைத் தந்துவிடும்படி கெஞ்சியது. தொங்கன் சாவகாசமாகப் பழத்தோலைக் கீழே போட்டது.

"யாருல அது? புலிகிட்டப் பேசும்போது மரியாதையா நின்னு பேசு."

ஊர் எதைப் பார்த்து நம்மை அடையாளம் காண்கிறதோ, அதைத் தூக்கத்துக்காக விட்டுக்கொடுத்தவன் விழித்ததும் சொந்த வீட்டிலேயே அந்நியன் ஆவான்.