மஞ்சள் கொழுப்பு

செத்தவனின் ஆசை மூன்று. தொழுவத்தில் மாடு இரண்டு. இந்தக் கணக்கு எப்படி நேராகும் என்று நீங்களும் யோசித்துக்கொண்டே வாருங்கள்.

குமரி மலையடிவாரத்தில் கறிக்கு மாடு வளர்த்து விற்றவன் வியாகப்பன். கடைசியாக அவனிடம் இருந்தவை இரண்டு செவலைக் காளைகள். ஒன்று மலையில் புல் மேய்ந்து அந்தியில் தானாக வீடு திரும்பும். அதற்கு மலையன் என்று பேர். மற்றது கன்றிலிருந்தே முளையில் கட்டிக் கிடந்தது. கடைசி மாதங்களில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் தின்று கொழுத்தது. அறுக்கப்போகிற மாட்டுக்குப் பேர் வைக்கக் கூடாது என்பான். "கடைசில தின்னதுதான் கறியில பேசும். புல்லு தின்னா கொழுப்பு மஞ்சள், கறி முறுக்கம். சோளம் தின்னா கொழுப்பு வெள்ளை, கறி பஞ்சு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் நடத்துவான்.

அவன் நோயில் விழுந்தபோது, தான் செத்த நாற்பத்தொன்றாம் நாள் விருந்துக்குத் தன் தொழுவத்து மாட்டுக்கறிதான் விளம்ப வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கேட்டுக்கொண்டான். பிறகு தனியாக மனைவி செலினின் கையைப் பிடித்து, "மலையன மட்டும் அறுக்க விடாத" என்றான். அவள் வாக்குக் கொடுத்தாள்.

அவனை அடக்கம் செய்த பிறகும் அந்தியானால் இரண்டு மாடுகளும் அசைபோடுவதை நிறுத்தி, வேலியிடுக்கையே பார்க்கும். அவன் வந்து நுழைகிற வழி அது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க செலினுக்குப் பயம். தவறாக ஒன்று செய்தால் அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்றே நினைத்தாள்.

விருந்தன்று, கறிக்கடை வைத்திருந்த கொழுந்தன் மிக்கேலிடம், கட்டிக் கிடப்பதை அறுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் காதைப் பொத்திக்கொண்டாள். கறி அண்டாவில் வந்தது. கொழுப்பு மஞ்சளாக இருந்தது.

"மிக்கேலு, இது மலையன்லா?"

"ஆமா மைனி." அவன் தலை நிமிரவில்லை. "சாவுக்கு முந்துன நாளு அண்ணன் எங்கிட்ட அழுதாரு. 'மலையனாவது மலையப் பாத்திருக்கு. மத்தது கயித்தத் தவிர ஒண்ணும் பாக்கல்ல. அத அறுக்காத, அவுத்து விடுடே'ன்னாரு. சத்தியம் பண்ணிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொன்னா விட்டிருப்பியளா?"

பந்தியில் உட்கார்ந்தாள். கறி முறுக்கமாக இருந்ததால் எல்லோரும் வெகுநேரம் மென்றார்கள். தொழுவமே அசைபோடுவதுபோல அவளுக்குக் கேட்டது. தொடாமலே இலையை மடித்தாள். அவிழ்த்துவிடப்பட்ட காளையோ மலைக்குப் போகாமல், காலித் தொட்டியின் முன் நின்று கத்தியது.

இப்போது சொல்லுங்கள். செலின் மலையனைக் காக்க வாக்களித்தாள். மிக்கேல் மற்றதைக் காக்கச் சத்தியம் செய்தான். விருந்தையும் நிறுத்த முடியாது. இதில் தவறு செய்தது யார்?

விடை: சொல்லாமல் கத்தியை எடுத்தது மிக்கேலின் குற்றம்தான், ஆனால் அது சின்னது. பெரிய தவறு வியாகப்பனுடையது. கறியும் வேண்டும், ஆனால் எதை அறுப்பது என்று சொல்ல அவனுக்குத் துணிவில்லை. ஆளுக்கொரு மாட்டைக் காக்கச் சொல்லிவிட்டு, கொல்லும் பழியை அவர்கள் தலையில் வைத்துவிட்டுப் போனான். இது உறைத்த அன்று செலின் முற்றத்தில் நின்று, செத்துப்போன புருஷனை வாய்விட்டு ஏசினாள். மிக்கேல் தடுக்கவில்லை.