தும்மினால் கேட்காத கணினி

“நம்ம வக்கீல் லேப்டாப்புக்குள்ள ரெண்டு கம்ப்யூட்டர் இருக்காம்ல. ஒண்ணுல தும்முனா இன்னொண்ணுக்குக் கேக்காதாம்.”

நீதிமன்ற கேண்டீனில் ஒரு குமாஸ்தா சொல்லிக்கொண்டிருந்தது தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த வக்கீல் தேவசகாயத்தின் காதிலேயே விழுந்தது. மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள் நஸீமா. வயது இருபத்தாறு. ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்களை ஒன்றையொன்று தொடாதபடி பிரித்து வைத்திருந்தாள். ஒன்று வெளி. யார் யாரோ அனுப்பும் மின்னஞ்சல்களை அங்கேதான் திறக்க வேண்டும். மற்றது உள். அதில் இணையம் கிடையாது. அடிக்கும் கணவர்களிடமிருந்து தப்பி வந்த பெண்கள் தங்கியிருக்கும் வீடுகளின் முகவரிகள் அங்கே இருந்தன.

சனிக்கிழமை அவள் வந்ததும் கேட்டார்.

“டீச்சரம்மா, நடுவுல இருக்கிற சுவர் உறுதிதானே?”

“உறுதிதான் சார்.”

“அப்ப சரி. வழக்கு நம்பரையெல்லாம் பேப்பர்ல எழுதி அந்தப் பக்கம் திருப்பி அடிச்சு அடிச்சு கண்ணு போகுது. செவ்வாய்க்கிழமை ஒரு செட்டிங்கை மாத்தினேன். இங்கே காப்பி பண்ணினா அங்கே பேஸ்ட் ஆகும். முகவரி எதையும் வெளியே கொண்டுபோக மாட்டேன். தப்பில்லையே?”

நஸீமா கொஞ்சம் யோசித்தாள்.

“உள்ளே தினமும் பாக்குற வேலையைப் பாருங்க சார். டீ குடிச்சிட்டு வரேன்.”

அவர் பதிவேட்டைத் திறந்தார். அமுதவல்லி தங்கியிருக்கும் வீட்டின் முகவரியைக் காப்பி செய்து, மறுநாள் யார் யாரைப் பார்க்கப் போக வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தார். இரண்டும் உள்ளேதான்.

டீ குடித்துவிட்டு வந்தவள் வெளித் தளத்துக்குப் போய் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள்.

அமுதவல்லியின் முகவரி வந்து நின்றது, கதவு எண்ணோடு.

“நான் இங்கே பேஸ்ட் பண்ணவே இல்லையே!”

“நானும் உங்ககிட்ட கேக்கலையே சார்.”

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வாரம் இந்தப் பக்கம் என்னென்ன திறந்தீங்க?”

“வழக்கமா வர்றதுதான். வியாழக்கிழமை அமுதவல்லி புருஷன் ஒரு மெயில் அனுப்பியிருந்தான். சமாதானமாப் போறேன்னு.”

“கூடவே இணைச்சு ஃபைல் ஏதாவது இருந்துச்சா?”

“இருந்துச்சு. திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம். ஒழுங்கா அனுப்பக்கூடத் தெரியல பாருன்னு நினைச்சேன்.”

“அந்த வெள்ளைப் பக்கம் உள்ளே உக்காந்துக்கிட்டு, நீங்க காப்பி பண்றதையெல்லாம் அவனுக்கு அனுப்பிக்கிட்டிருக்கலாம் சார்.”

“செட்டிங்கைப் பழையபடி மாத்திட்டாப் போதும் இல்லையா, டீச்சரம்மா?”

“மாத்தலாம் சார். இனிமே போறது நிக்கும்.”

தேவசகாயம் செட்டிங்கை மாற்றினார். லேப்டாப்பை மூடினார். அமுதவல்லிக்கு போன் போட்டு, துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.