லட்சுமியின் பாதம்

சந்தேகப்படுவதில் அய்யாச்சாமியை மிஞ்ச சிவகாசியில் ஆள் கிடையாது. தராசைப் பார்த்துவிட்டுத்தான் தக்காளியைப் பார்ப்பார். ஐம்பத்திரண்டு வயதில் லோடு வண்டி ஓட்ட இடுப்பு இடம் கொடுக்காமல் போகவே, கம்ப்யூட்டரில் டிசைன் கற்றுக்கொள்ள ஜெபசீலியிடம் சேர்ந்திருந்தார். டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

முதல் வேலையாக ஒரு நகைக்கடையின் காலண்டர் அட்டை வந்தது. மாதிரி பிடித்துவிட்டால் அந்தக் கடையின் வேலையெல்லாம் இனி அவருக்குத்தான். பிடிக்காவிட்டால் பழையபடி லோடு வண்டி.

"டீச்சர், ஓசி சாப்ட்வேர் போதுமா, காசு கட்டி வாங்கணுமா?"

"உங்களுக்கு என்ன தோணுது அண்ணாச்சி?"

"ஓசியில குடுக்கிறவன் சும்மாவா குடுப்பான்? உள்ள என்னமோ வச்சிருக்கான். காசு வாங்குறவன், மாசம் கட்டலன்னா நம்ம படத்தையே நமக்குக் காட்ட மாட்டானாம். ரெண்டு பேருமே சரியில்ல."

"நான் மட்டும் சரியா?"

அய்யாச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்ட்வேர் விற்றுக்கொடுத்தால் டீச்சருக்குக் கமிஷன் வரும் என்று முந்தின நாள்தான் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

ஜெபசீலி சிரித்துவிட்டாள். "ரெண்டுலயும் அதே அட்டையைச் செய்ங்க. காசு சாப்ட்வேரும் முத வாரம் இலவசந்தான்."

"அது எதுக்கு இலவசம்?"

ஜெபசீலி கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தார். எது எங்கே ஏமாற்றுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். அட்டை நிறைந்து தெரியட்டும் என்று நடுவில் இருந்த லட்சுமி படத்தை விளிம்புவரை பெரிதாக்கினார். அட்டையை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வெட்டுக்கோட்டையும், சாப்ட்வேரை நம்பாமல், தன் கையாலேயே போட்டார்.

ஜெபசீலி இரண்டையும் அச்சடித்து, ஒன்றாக அடுக்கி, கட்டிங் மெஷினுக்கு அனுப்பினாள். திரும்பி வந்ததும் மேஜைமேல் வைத்தாள்.

"எது ஓசி, எது காசு, சொல்லுங்க."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். சிவப்பு ஒன்றுதான். எழுத்தும் ஒன்றுதான். கண்ணாடி கீழே இறங்கியபோது அப்படியே நின்றது. இரண்டு அட்டையிலும் லட்சுமிக்குப் பாதம் இல்லை. கணுக்காலோடு போயிருந்தது. எந்த நகைக்கடைக்காரர் இதைச் சுவரில் மாட்டுவார்?

"கட்டிங்காரன் கெடுத்துட்டான் டீச்சர்! எனக்கு அப்பவே அவன் மேல ஒரு இது..."

ஜெபசீலி வெட்டாத தாள் ஒன்றை எடுத்து அட்டையின் பக்கத்தில் வைத்தாள். வெட்டு, அவர் போட்ட கோட்டின் மேலேயே நூல் பிசகாமல் போயிருந்தது. கோட்டுக்கு வெளியே லட்சுமியின் பத்து விரல்களும் இருந்தன.

அவருக்கு வெட்கமாக இருந்தது. கடைக்காரர் நாளைக் காலையில் வருகிறார்.

"சரி டீச்சர்," என்றார் மெதுவாக. "ரெண்டுல எந்த சாப்ட்வேரை வச்சுக்கட்டும்?"

"பாதத்தை வெட்டுனது ரெண்டு சாப்ட்வேரும் இல்ல அண்ணாச்சி. எது வெட்டுச்சோ அதை விட்டுருங்க. மத்ததுல எதை வேணாலும் வச்சுக்கங்க."