மத்திய சட்டத்தில் கைவைக்காத ஊர்

“சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்திட்டாப் போதும், வெள்ளந்தியூர் பஸ் நாளைக்கே ஓடிரும்” என்று டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னது இசக்கியம்மாள் காதில் விழுந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினாள். திங்கட்கிழமை காலை அவள் டவுன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர வேண்டும். பிந்தினால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

புது பஸ், போட்ட மாலை காய்ந்துபோய், ஆபீஸ் வாசலிலேயே நின்றது. சுற்றுச்சூழல் ஆய்வு முடியாமல் ஓட்டக்கூடாது என்று மாநில உத்தரவு. ஆய்வில் ஊரார் குறை வைக்கவில்லை. பஸ்ஸைச் சுற்றினார்கள், ஊரைச் சுற்றினார்கள். “சுற்றினோம். தலையும் சுற்றியது. சூழல் அகப்படவில்லை” என்று அறிக்கை அனுப்பினார்கள். மேலிடம் அதை இன்னும் பரிசீலித்துக்கொண்டிருந்தது.

இசக்கி சொன்னதைக் கேட்டதும் தலைவர் சங்கரபாண்டி ஸ்பானரோடு பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் சட்டம், கதவுச் சட்டம், கூரைச் சட்டம் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தவர், நடுவில் கூரையைத் தாங்கிய சட்டத்தின் முன் நின்றுவிட்டார்.

“இதையும் தளர்த்திரலாமா, அண்ணாச்சி?” என்றாள் இசக்கி.

உபதலைவர் பூலுடையார் தடுத்தார். “நடுவுல இருக்கதுன்னா அது மத்திய சட்டம்லா. அதுல கைவைக்க நமக்கு ஏது அதிகாரம்? ஓரத்துல இருக்கது பூரா மாநிலம். அதைத் தாராளமாத் தளர்த்தலாம்.”

இந்த விவரம் தெரியாமல் இத்தனை நாள் தலைவராக இருந்துவிட்டோமே என்று சங்கரபாண்டி வருந்தினார். ஸ்பானரை இசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த வாரமே அரசாங்கம் தன் பங்குக்கு நிஜமான சட்டத்தையும் தளர்த்தி, கூடவே போக்குவரத்து நிதியும் ஒதுக்கியது. ஒரே ஒரு நிபந்தனை: நிதியை பஸ் ஓடுவதற்கு மட்டுமே செலவிட வேண்டும்.

“அப்போ நின்னா யார் பணத்துல நிக்கது?” என்று கேட்டார் டிரைவர். பஞ்சாயத்து கூடிப் பேசியும் பதில் கிடைக்கவில்லை. ஆகவே பஸ் எங்கேயும் நிற்காது என்று தீர்மானம் போட்டார்கள்.

திங்கட்கிழமை பஸ் கிளம்பியது. முதல் வளைவில் பக்கவாட்டுத் தகரம் கழன்று விழுந்தது. இரண்டாவது வளைவில் கூரை. மத்திய சட்டம் மட்டும் அசையாமல் நின்றது. சனங்கள் எல்லாப் பக்கமிருந்தும் ஓடி வந்து ஏறினார்கள். ஏறுவதற்கு இவ்வளவு வசதியான பஸ் சுத்துப்பட்டில் கிடையாது என்று பூலுடையார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி தெரிந்தது.

“தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. வேலை போயிரும்.”

“நிறுத்துறதுக்கு நிதி இல்லக்கா” என்றார் டிரைவர்.

இசக்கி இடுப்பிலிருந்த ஸ்பானரை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த சீட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தினாள். ஆஸ்பத்திரி வாசலில் சீட்டும் அவளும் உட்கார்ந்த வாக்கிலேயே இறங்கினார்கள்.

கண்டக்டர் எட்டிப் பார்த்து, சீட்டுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்து வீசினார்.