முயல் எல்லையில் எருமைப் படை

நாணல்காட்டு எருமைகள் மூன்றாம் முறையாக முயல்களின் எல்லைமேல் படையெடுக்கத் தயாராயின.

படைக்குத் தலைவி பெருங்கொம்பி. முப்பது எருமைகளுக்கும் முன்னால் நடக்கிற உரிமை அவளுடையது. கொஞ்ச நாளாக அந்த உரிமை ஆட்டம் கண்டிருந்தது.

கோடையில் நாணல்காடு சருகாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் முயல்மேடு. அங்கே ஒரு சுனை இருந்ததால் அறுகம்புல் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. ஆனால் அந்தப் புல்லுக்குள்தான் முயல்களின் குட்டிகள் கிடந்தன. பிறந்து சில நாள்கூட ஆகவில்லை. எருமையின் குளம்பு ஒன்று பட்டால் போதும், கதை முடிந்தது.

அதனால் முயல்கள் எல்லையில் மூன்று காவல் போட்டிருந்தன. முதலில் இலந்தை முள்வேலி. அதைத் தாண்டினால் கால் சிக்குகிற குழிகள். கடைசியாக, மலையடிவரை நீண்ட ஓர் அகழி. அகழியில் தோண்டிய மண்ணே அதற்குப் பின்னால் சுவராக நின்றது.

முதல் படையெடுப்பில் எருமைகள் மூக்கெல்லாம் முள்ளாகத் திரும்பின. ஆனாலும் வேலி சாய்ந்தது. இரண்டாவதில் பாதிப் படை நொண்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் குழிகள் தூர்ந்தன. பாக்கி அகழிதான்.

அப்போது முயல்களின் தலைவன் நெட்டைச்செவியன் சுவர்மேல் ஏறி நின்று சொன்னான்: "தலைவியம்மா, ஒரு பத்து நாள் பொறுங்க. குட்டிங்க ஓடப் பழகிடட்டும். அப்புறம் பாதிப் புல் உங்களுக்கு."

"முயல் போடுற பிச்சையில எருமை வயிறு வளர்க்கணுமா? போடா பொடியா," என்றாள் பெருங்கொம்பி.

அவளுடைய நாத்தனார் சுட்டி பின்னால் நின்று வாலால் ஈ ஓட்டினாள். "ரோஷமெல்லாம் சரிதான் அண்ணி. இந்தத் தடவையும் வெறும் வாயோட திரும்பினா, முன்னால நான் நடக்கிறேன். நீங்க பின்னால வந்து தூசி தின்னுங்க."

பெருங்கொம்பிக்குச் சுருக்கென்றது. உடனே உண்ணிக்கொக்கை வேவு பார்க்க அனுப்பினாள். எருமை முதுகில் சவாரி செய்து உண்ணி தின்கிற வெள்ளைக் கொக்கு அது. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது: "அகழி உங்க முழங்கால் ஆழம்தான். சொட்டுத் தண்ணி இல்லை."

"அப்போ நாளைக்கு உச்சி வெயில்ல பாய்வோம். முயலெல்லாம் நிழல்ல தூங்குற நேரம்," என்றாள் பெருங்கொம்பி. நல்ல யோசனைதான். உச்சி வெயிலில் முயல் என்ன செய்யும் என்று யோசித்தவள், எருமை என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது. முப்பது எருமைகளும் புழுதி பறக்க ஓடின. தரை அதிர்ந்தது. முயல்மேட்டில் தாய் முயல்கள் குட்டிகளின்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டன.

அகழி தெரிந்தது. ஓட்டம் குறைந்தது. முன்வரிசை நின்றது.

அகழி நிறையச் சேறு! காலையில்தான் முயல்கள் சுனையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தன. கன்னங்கரேலென்று, குழைந்து, குளுகுளுவென்று கிடந்தது சேறு.

"பாயுங்கடி," என்று கத்தினாள் பெருங்கொம்பி.

"பாயத்தான் போறேன் அக்கா. கால் கொதிக்குது, சும்மா நனைச்சுக்கிறேன்," என்றபடி ஒருத்தி இறங்கினாள். இறங்கியவள் படுத்தாள்.

"அவளை எழுப்பி விட்டு வர்றேன்," என்று அடுத்தவள் போனாள். அவளும் படுத்தாள்.

சுட்டி யாருக்கும் சாக்குச் சொல்லவில்லை. நேரே போய் விழுந்தாள்.

கரையில் பெருங்கொம்பி ஒருத்திதான் பாக்கி. சுவர்மேலிருந்து நெட்டைச்செவியன் பணிவாகச் சொன்னான்: "நடுவுல இடம் இருக்குங்க தலைவியம்மா. சேறு அங்கதான் நல்லா இருக்கும்."

"எனக்கொண்ணும் வேண்டாம்," என்றாள் அவள். நாக்கு மட்டும் மூக்கை நக்கியது. "படைத்தலைவிக்கு ஆழம் தெரியணும். அதுக்காகத்தான் இறங்குறேன்."

இறங்கினாள். படுத்துக்கொண்டு கழுத்துவரை ஆழம் பார்த்தாள். கண்கள் தாமாகச் சொருகின.

பொழுது சாய்ந்ததும் எருமைகள் எழுந்தன. பொழுது சாய்ந்தால் வீடு திரும்புவது எருமைக் குல வழக்கம். யாரையும் கேட்காமல் கால்களே திரும்பி நடந்தன.

"அப்போ இதுவும் தோல்விதானே அண்ணி?" என்றாள் சுட்டி, முதுகுச் சேறு காயாமலே.

"யாரு சொன்னா? இதுக்குப் பேரு முற்றுகை. நாளைக்கும் போறோம்."

முற்றுகை என்றால் எந்த எருமைக்குத்தான் கசக்கும்? மறுநாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும் போனார்கள். பகலெல்லாம் அகழியில் புரண்டார்கள்; ராத்திரி நாணல் சருகைக் கடித்துக்கொண்டு வீரம் பேசினார்கள்.

பத்தாம் நாள் நெட்டைச்செவியன் சுவர்மேல் வந்து நின்றான். குட்டிகள் அவனைச் சுற்றித் துள்ளி ஓடின.

"சொன்ன சொல் சொல்தாங்க தலைவியம்மா. குட்டிங்க ஓடப் பழகிடுச்சு. பாதிப் புல் உங்களுக்கு. ஏறி வந்து மேயுங்க."

பசியில் விலா எலும்பு தெரிய, பெருங்கொம்பி பாய்ந்து எழுந்து சுவர்ப்பக்கக் கரையில் முன்னங்காலை வைத்தாள். வழுக்கிற்று. மறுபடி வைத்தாள். மறுபடியும் வழுக்கிற்று. கரை அவள் தலைக்குமேல் செங்குத்தாக நின்றது.

"ஏய் கொக்கு, முழங்கால் ஆழம்னுதானே சொன்னே?"

"முயல் வெட்டினது முழங்கால் ஆழம்தான்," என்றது உண்ணிக்கொக்கு. "முப்பது எருமை பத்து நாள் புரண்டா அகழி என்ன ஆகும்? மிச்சத்தை வெட்டினது நீங்கதான்."

"வேணும்னா மலையைச் சுத்தி வாங்க," என்றான் நெட்டைச்செவியன். "மூணு நாள் நடைதான்."

தினமும் ஏறி இறங்கித் தேய்ந்திருந்த தம் வீட்டுப் பக்கச் சரிவில் சுட்டி ஏறினாள். எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, மலையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் அவள் பின்னால் போனார்கள். கடைசியில் பெருங்கொம்பி, தூசிக்குள்.

தன் ஆசைக்குக் காவல் போடத் தெரியாதவர் எதிரியின் காவலை உடைக்கப் போனால், அதை இன்னும் பலமாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.