ராஜாவுக்கு மட்டும் கேட்ட முரசு

முன்னொரு காலத்திலே நெடுவயல் நாட்டைக் குன்றவேந்தன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்று பிடித்துவிட்டால் அளவு தெரியாது.

ஒருசமயம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வைத்தியர் அதிமதுர வேரில் ஒரு துண்டு கொடுத்து, "வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். சரியானதும் நிறுத்திவிட வேண்டும்" என்றார். தொண்டை திறந்தது. தித்திப்பு மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

அரண்மனைச் சாப்பாட்டுச் சாமான்களைக் கவனிக்கிற உக்கிராணத்து அதிகாரி மாணிக்கவேளான் இதைப் பார்த்தான். ராஜாவின் மனசைப் பிடிக்க, பாலில், பாயசத்தில், குடிக்கிற தண்ணீரில்கூட அந்த வேரைக் காய்ச்சி ஊற்றினான். "செடியில் விளைந்தது மகாராஜா, கெடுதலா செய்யும்?"

சில மாதத்தில் ராஜாவுக்கு முரசுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தும்... தும்... தும். வேறு யாருக்கும் கேட்கவில்லை. நாட்டிலுள்ள முரசையெல்லாம் மூட்டைகட்டச் சொன்னார். கோயில் மேளமும் நின்றது. அந்த அமைதியில் இன்னும் பலமாகக் கேட்டது.

"செத்துப்போன முரசுக்காரன் காத்தமுத்துவின் ஆவிதான்" என்றான் மாணிக்கவேளான். "ஏவிவிட்டவள் அவன் பெண்சாதி உமையாள். அவளுக்குச் சோறு போடுவது யார் தெரியுமா? நம் அமைச்சர் வீடு!" அமைச்சர் தெய்வச்சிலையார்மேல் அவனுக்கு வெகுநாள் பொறாமை.

"பொழுது சாய்வதற்குள் அவளை உயிரோடு புதையுங்கள்!" என்றார் ராஜா.

உமையாளைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். பாவம், அவள் அழக்கூட இல்லை. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

அமைச்சர் எழுந்தார். "ஆவியை நான் கூப்பிடுகிறேன் மகாராஜா. வராவிட்டால் என்னையும் சேர்த்துப் புதையுங்கள். காத்தமுத்துவின் முரசு வரட்டும். நீங்கள் கண்ணை மூடுங்கள். பயம் வேண்டாம், கையை நான் பிடித்துக்கொள்கிறேன்."

ஒரு கையால் ராஜாவின் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையால் முரசை அடித்தார். தும்... தும்... தும்.

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, இதே அடி! உமக்கும் கேட்கிறதா?"

அடி வேகமானது.

"ஓடி வருகிறான்... கிட்டே வந்துவிட்டான்!"



"ஆமாம், இங்கேதான் இருக்கிறான்" என்று அமைச்சர் ராஜாவின் விரலை எடுத்து அவர் கழுத்திலேயே வைத்தார். விரலுக்கடியில் அந்த முரசு துடித்தது.

"இதை நிறுத்துமையா!"

"நின்றால் என்ன ஆகும் மகாராஜா?"

ராஜா சட்டென்று கழுத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டார்.

"நான் அடித்தது உங்கள் நாடியை. ரத்தம் முட்டி ஓடுகிறது. காலில் பாதுகை நுழையவில்லை, விரலில் மோதிரம் கழலவில்லை. எல்லாம் அந்த வேரின் வேலை."

"அது மருந்தாச்சே!" என்று குதித்தான் மாணிக்கவேளான்.

"மருந்துதான். தொண்டைக்கு ஒரு துண்டு, தெய்வம் மாதிரி. குடம் குடமாக ஊற்றலாமா? அவ்வளவு நல்லதென்றால் நீர் ஏன் குடிப்பதில்லை?"

"குடித்தால் எனக்குக் கால் வீங்கு..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ராஜா இறங்கி வந்து உமையாளைக் கும்பிட்டார். அவளுக்கு நிலமும், புருஷன் பார்த்த வேலையும் கிடைத்தன. அவள் பின்னாலே முரசைச் சுமந்து போகிற வேலை மாணிக்கவேளானுக்கு.

வேர்த்தண்ணீர் நின்றது. முரசும் அரண்மனையை விட்டு, கோட்டைவாசல், ஊர் எல்லை என்று தள்ளித் தள்ளிப் போயிற்று. ஒரு சாயங்காலம் சுத்தமாகக் கேட்கவில்லை. நின்றேவிட்டதோ என்று ராஜா பதறினார். மெல்ல விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார்.

தும்.

"இருக்கிறான்" என்று சொல்லிக் கைகூப்பினார்.