பெயர் ஒட்டிய மூளைகள்

அந்த ஆய்வகத்தில் குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு ஐம்பது.

சீடர் வைரவன், அதே மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கேன் எடுப்பவர். குரு ஜெபராணி அங்கே மாணவியாக வந்தபோது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இப்போது அவர் ஜெபராணியிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

மூளைக்குள்ளே, காதுக்கு நேர் உட்புறத்தில், கடல்குதிரை போல வளைந்த ஒரு சிறு பகுதி உண்டு. புது நினைவுகள் பதிய அது வேண்டும். மறதி நோய் முற்றியவர்களுக்கு அது சுருங்கிப் போகும். இப்போதுதான் மறக்கத் தொடங்கியவர்களுக்கும் சுருங்கியிருக்கிறதா? வைரவனின் கேள்வி அதுதான். முப்பது நோயாளிகள், முப்பது நலமானவர்கள். அறுபது பேரின் ஸ்கேன் படங்கள்.

அந்தப் பகுதிக்கு எல்லை போட்டுத் தரும் வரைபடம் ஒன்று கணினியில் தயாராகவே இருந்தது. எங்கோ யாருடைய மூளைகளையோ சராசரி பார்த்துச் செய்தது. வைரவன் அதைப் பொருத்திப் பார்த்துவிட்டு ஜெபராணியிடம் போனார்.

"ரெடிமேட் சட்டை மாதிரி இருக்கு மேடம். பாதிப் பேருக்குத் தோள் நிக்கலை."

"அப்ப அளவெடுத்துத் தைங்க அண்ணே."

தைத்தார். டியூட்டி முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்து, ஒவ்வொரு மூளையிலும் அடுக்கடுக்காகப் படத்தைத் திறந்து, மவுஸால் அந்தக் கடல்குதிரையைச் சுற்றிக் கோடு போட்டார். எட்டு மாதம் ஆயிற்று. கோட்டுக்குள் இருந்ததை அளந்தபோது நோயாளிகளுக்கு ஒன்பது சதவீதம் சிறியதாக இருந்தது.

ஆய்வேடு கொடுக்க மார்ச் முப்பத்தொன்று கடைசி. இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது முறை கிடையாது. பட்டத்துக்கான பதிவே போய்விடும்.

ஜெபராணி அவர் போட்ட கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"கடல்குதிரையோட தலைப்பக்கம் மங்கலா இருக்கே அண்ணே. எங்க முடியுதுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"பார்த்தாலே தெரிஞ்சிரும் மேடம். இருபத்திரண்டு வருஷமாப் பார்க்கிறேனே."

"யாரு நோயாளின்னும் தெரியுமா?"

"ஃபைல் பேர்லயே இருக்கே."

மறுநாள் ஜெபராணி அவரைக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல ஆறு பழைய படம் இருக்கு. இதையும் வரைஞ்சு கொண்டாங்க."

"கடைசித் தேதிக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நாள்தான் இருக்கு மேடம்."

"ஆறு பரோட்டா கேட்டா ஆறும் உள்ள போகுதுல்ல? இது மட்டும் கனக்குதோ?"

வைரவன் வாங்கிக்கொண்டார். மூன்றில் 'நோயாளி' என்றிருந்தது, மூன்றில் 'நலம்'. இப்போது கை பழகியிருந்ததால் நாளுக்கு இரண்டாக, மூன்று நாளில் முடித்தார். இதிலும் நோயாளிகளுக்கே சிறியதாக வந்தது. வேகமாக வந்து ஜெபராணியின் மேசை முன்னால் நின்றார்.

"பாருங்க மேடம், அதே மாதிரிதான் வருது!"

ஜெபராணி இரண்டாவது படத்தைத் திறந்தார். ஐந்தாவதை வலம் இடமாகத் திருப்பி அதன்மேல் வைத்தார். மேட்டுக்கு மேடு, மடிப்புக்கு மடிப்பு, எங்கும் ஒரு மயிரிழை விலகாமல் உட்கார்ந்தது. கோடுகள் மட்டும் சேரவில்லை. பச்சைக் கோட்டுக்குள்ளே சிவப்புக் கோடு, பெரிய கிண்ணத்துக்குள் வைத்த சின்னக் கிண்ணம் போல இருந்தது. பச்சை, 'நலம்'. சிவப்பு, 'நோயாளி'.

"ஒரே ஆளா மேடம்?"

"ஒரே ஆள். ஒரே படம். திருப்பிப் போட்டு வேற பேர் ஒட்டினேன்."

"யாரு?"

"நான்தான். படிக்கிற காலத்துல நீங்களே எடுத்த படம். திங்கக்கிழமை நல்லாத்தான் இருந்தேன் அண்ணே. புதன்கிழமை எனக்கு மறதி வர வச்சிட்டீங்க."

வைரவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வேணும்னு செய்யலை மேடம்."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா இவ்வளவு சீரா வந்திருக்காது."

வைரவன் மங்கலான தலைப்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கெல்லாம் சந்தேகம் வந்ததோ, அங்கெல்லாம் சிவப்பு உள்ளே ஒதுங்கியிருந்தது. எந்த இடத்திலும் யோசித்துப் போட்டதாக அவருக்கு நினைவில்லை.

"ஆனா மேடம், நோயாளிங்களுக்கு நிஜமாவே சுருங்கியிருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"அப்ப அந்த ஒன்பது சதவீதம்?"

"அதுல அவங்க மூளை எவ்வளவு, உங்க கை எவ்வளவு? நீங்களே சொல்லுங்க."

வைரவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். உதடுகள் எதையோ எண்ணின.

"நாப்பத்திரண்டு நாள் இருக்கு. பாதி நாள் ஒண்ணு, பாதி நாள் ரெண்டுன்னு போட்டா முடிஞ்சிரும்" என்றார். "பேரையெல்லாம் எடுத்துட்டு வெறும் நம்பர் போட்டுக் கொடுங்க மேடம். கலைச்சும் கொடுங்க. எந்த நம்பர் யாருங்கிற பட்டியல் என் கண்ணுலயே படக் கூடாது."

"சரி அண்ணே."

"வித்தியாசமே இல்லைன்னு வந்துட்டா?"

"இல்லைன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

வைரவன் தலையாட்டினார். எட்டு மாதக் கோடுகள் இருந்த கோப்புறையைத் திறந்தார். அறுபது பெயர்கள் வரிசையாக நின்றன. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டு, அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இதையெல்லாம் அழிச்சிரட்டுமா மேடம்? பார்க்கவே கூசுது."

"அழிக்காதீங்க அண்ணே. பேர் தெரிஞ்சா உங்க கை எவ்வளவு தூரம் உள்ள போகும்னு அளக்க, நம்மகிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."